தேய்ந்த சோப்பு ஒன்று வேண்டும்

நான் ஓய்வுபெற்ற கம்பெனியில் புதிதாகச் சேர்ந்த இரண்டு இளைஞர்கள் போன மாதம் என்னைப் பார்க்க வீட்டுக்கு வந்தார்கள். பேசிக்கொண்டிருக்கும்போது டெலிவிஷனில் எங்கள் சோப்பு விளம்பரம் வந்தது. ஒரு பெண் கழுத்தளவு நுரையில் நின்றுகொண்டு சிரித்தாள். "இது எதுவும் இல்லாம அந்தக் காலத்துல எப்படி சார் சோப்பு வித்தீங்க?" என்று ஒருவர் கேட்டார். "விக்கிறது சுலபமாத்தான் இருந்தது. வாங்கினவங்களைத் தேய்க்க வைக்கிறதுதான் முடியல" என்றேன். பெரியவர் ஏதோ உளறுகிறார் என்று இருவரும் மரியாதையாகச் சிரித்தார்கள். அந்த மரியாதை எனக்குப் பிடிக்கவில்லை. அதனால்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

ஐம்பதுகளின் நடுவில் நான் வாசனை சோப்பு விற்கும் வேலையில் சேர்ந்தேன். கம்பெனி பெயரும் சோப்பின் பெயரும் வேண்டாம். ரோஸ் நிற அட்டைப் பெட்டியில் வரும்; அதனால் ஊர்க்காரர்கள் 'ரோசாப் பெட்டி' என்றே சொன்னார்கள். பயிற்சி என்று சென்னையில் சில வாரங்கள் வைத்திருந்தார்கள். அங்கே டை கட்டக் கற்றுக்கொடுத்தார்கள். செங்கல்பட்டு வெயிலில் அதை அவிழ்க்க நானே கற்றுக்கொண்டேன்.

செங்கல்பட்டிலிருந்து கடற்கரை வரை எனக்கு ஒதுக்கப்பட்ட வட்டாரம். திருக்கழுக்குன்றம், மாமல்லபுரம், திருப்போரூர், கேளம்பாக்கம், கோவளம். பாதி பஸ், பாதி சைக்கிள். அப்போது அந்த ஊர்களில் சோப்பு இல்லாமல் இல்லை. துணி துவைக்கும் சோப்பு நீளக் கட்டியாக வரும். கடைக்காரர் கம்பியால் அறுத்து, கேட்ட அளவுக்குத் துண்டு போட்டுக் கொடுப்பார். உடம்புக்குச் சீயக்காயும் பயத்தமாவும் இருந்தன. உடம்புக்கென்று தனியாக ஒரு சோப்பு, அதற்கென்று ஒரு பெட்டி, பெட்டிக்குள் இன்னொரு காகிதம் என்றால் ஜனங்களுக்குச் சந்தேகம் வந்தது. "இம்மாம் சுத்தி வெச்சிருக்கீங்களே, உள்ள எவ்ளோ கீது?" என்று கேட்பார்கள்.

சந்தேகத்தைத் தீர்க்கத்தான் செய்முறை விளக்கம். இதற்குக் கம்பெனி ஒரு முறை வகுத்திருந்தது, மாற்ற அனுமதி கிடையாது. ஊர்ப் பெரியவரிடம் அனுமதி வாங்கி, ஆட்கள் கூடும் இடத்தில் ஒரு முக்காலி போட வேண்டும். பித்தளைக் குவளையில் தண்ணீர். கூட்டத்திலிருந்து ஒருவரை அழைத்து உட்காரவைத்து, அவர் முகத்தின் வலப் பாதியை மட்டும் எங்கள் சோப்பு போட்டுக் கழுவி, வெள்ளைத் துண்டால் ஒற்றி எடுக்க வேண்டும். பிறகு அவரைக் கூட்டத்தின் முன் மெதுவாகத் திருப்பிக் காட்ட வேண்டும். இடப் பாதியை எக்காரணம் கொண்டும் கழுவக் கூடாது. அந்தப் பாதி வீட்டுக்குப் போய், கண்ணாடி பார்த்து, ஏங்க வேண்டும். ஏங்கினால் மறுநாள் கடைக்கு வரும். இதைக் கண்டுபிடித்தவர் பம்பாயில் எங்கேயோ மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்திருந்தார்.

திருப்போரூரில் ஒரு விவசாயி ஏங்கவில்லை. பஸ் நிறுத்தம் வரை என் பின்னாலேயே வந்தார். "இன்னாய்யா, இந்தப் பக்கத்த எவன் கழுவுவான்? வூட்டுக்குப் போனா எம் பொண்டாட்டி எங்க போயி மூஞ்சி கழுவிக்கினு வந்தேன்னு கேப்பா. ரெண்டு பக்கமும் கழுவியிருந்தா கோயிலுக்குப் போனேன்னு சொல்லலாம். பாதிக்கு நான் இன்னா சொல்றது?" என்றார். அவர் கேட்டதில் ஒரு நியாயம் இருந்தது. பஸ் வருவதற்குள் மீதியையும் கழுவிவிட்டேன். அவர் சோப்பு வாங்கவில்லை, ஆனால் சந்தோஷமாகப் போனார்.

இனி என் மேலதிகாரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். மிஸ்டர் வரதன் என்று வைத்துக்கொள்வோம். அவரே எல்லோரையும் மிஸ்டர் போட்டுத்தான் அழைப்பார், ரிக்‌ஷாக்காரரைக்கூட. வெள்ளைக் கால்சட்டை, கஞ்சி போட்ட சட்டை. கடைக்குள் நுழையுமுன் இரண்டு பூட்ஸையும் கெண்டைக்காலில் தேய்த்துக்கொள்வார். கழுத்தில் ஒரு காமிரா தொங்கும். நாட்டின் முன்னேற்றத்தில் அவருக்கு இருந்த நம்பிக்கை எனக்குக் கடவுளிடம்கூட இருந்ததில்லை. "மிஸ்டர் சிங்காரம், அணை கட்டறது சர்க்கார் வேலை. தேவையைக் கட்டறது நம்ம வேலை. ஜனங்களுக்கு ஆசை வரணும். ஆசை வந்தா உழைப்பான், உழைச்சா வாங்குவான், வாங்கினா ஃபாக்டரி ஓடும்" என்பார். கேட்கும்போது சரியாகவே இருக்கும்.

அவர் வெறுத்த ஒரே சொல் 'போதும்'. இந்த நாட்டைக் கெடுத்ததே அந்தச் சொல்தான் என்பது அவர் கட்சி. தன் பிரதிநிதிகள் அதை வாயால் சொல்லக் கூடாது என்று கட்டளை. ஒருமுறை செங்கல்பட்டில் ஒரு சாப்பாட்டு ஓட்டலில் அவரோடு இலை போட்டு உட்கார்ந்தேன். பரிமாறுகிறவர் சாதம் வைத்தார், நான் பேசாமல் இருந்தேன். மறுபடி வைத்தார், பேசாமல் இருந்தேன். கையால் இலையை மறைத்தேன். அதையும் மிஸ்டர் வரதன் கவனித்தார், கையை எடுத்துவிட்டேன். ரசம் இலையைத் தாண்டி மேஜையில் ஓடி, கோடு போட்டு மிஸ்டர் வரதனின் வெள்ளைக் கால்சட்டைப் பக்கம் திரும்பியது. அவர் அதைப் பார்த்தார். பரிமாறுகிறவர் இன்னொரு கரண்டி எடுத்தார். மிஸ்டர் வரதன் எழுந்து நின்று, "நிறுத்துங்கோ" என்றார். அப்போதும் அந்தச் சொல்லைச் சொல்லவில்லை. கொள்கை என்றால் அப்படி இருக்க வேண்டும்.

என் வேலை தற்காலிகம். அதனால் என் கல்யாணமும் தற்காலிகமாக நின்றிருந்தது. பெண் செங்கல்பட்டுதான், பெயர் கமலா. பார்த்த அன்றே எனக்குப் பிடித்துப்போனது. அவள் அப்பா ரயில்வேக்காரர், எதிலும் நிரந்தரம் பார்க்கிறவர். "வேல பர்மனென்ட் ஆவட்டும் மாப்ள. அப்பால தாம்பூலம் மாத்திக்கலாம்" என்று சொல்லிவிட்டார். மாப்பிள்ளை என்று கூப்பிட்டுக்கொண்டே பெண்ணைத் தராமல் இருக்க அவரால்தான் முடியும். மிஸ்டர் வரதனோ, "கோவளத்தைத் திறந்து காட்டும், நிரந்தரம் பண்றேன்" என்றார். கோவளத்தில் அதுவரை எங்கள் சோப்பு ஒன்றுகூட விற்றதில்லை.

கோவளத்தில் பெரிய மளிகைக்கடை காதர் பாயுடையது. பாய் சாந்தமான மனிதர். நான் போகும்போதெல்லாம் டீ வரவழைத்துக் கொடுப்பார், சோப்பு மட்டும் எடுக்க மாட்டார். "தம்பி, நம்ம ஊர்ல மீனவங்க, எங்காளுங்க, எல்லாருமே கடல் தண்ணியில பொறந்து வளந்தவங்க. கையில கீறதே போதும்னு நெனைக்கிறவங்க. இத வெச்சி நான் இன்னா பண்றது, மோந்து பாத்துக்கினு ஒக்காந்திருக்கவா?" என்பார்.

வழி திறந்தது ஒரு கல்யாணத்தில். பாயின் அக்கா மகனுக்கு நிச்சயமாகி, மாப்பிள்ளை வீட்டிலிருந்து பெண் வீட்டுக்குத் தட்டுகள் போகிற நாள். புடவை, அத்தர், சீப்பு, கண்ணாடி, மிட்டாய் என்று தட்டுத் தட்டாக வைத்து, மேலே பட்டுத் துணி மூடி எடுத்துப் போவார்கள். அங்கே பெண்கள் கூடி உட்கார்ந்து, ஒவ்வொரு துணியாக விலக்கிப் பார்ப்பார்கள். பாய் அழைத்து நானும் போயிருந்தேன்; புறப்படும் நேரத்தில் ஒரு தட்டு நிறையாமல் இருந்தது. நான் பையிலிருந்த மாதிரிப் பெட்டிகள் நான்கை எடுத்து அதில் அடுக்கினேன். ரோஸ் நிறம் பச்சைப் பட்டுக்கு அடியிலிருந்து எடுப்பாகத் தெரிந்தது. பாய் தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, "கெடக்கட்டும்" என்றார்.

அந்த ஒரு சொல்லில் என் வட்டாரம் மாறிவிட்டது. அந்தப் பக்கத்தில் ஒரு வீட்டுத் தட்டில் போன பொருள் அடுத்த வீட்டுத் தட்டில் இல்லாமல் போனால் பேச்சு வரும். அடுத்த கல்யாணத்தில் ஆறு பெட்டி, அதற்கடுத்ததில் ஒரு டஜன். கேளம்பாக்கத்தில் இந்துக்கள் வீட்டுச் சீர்வரிசையிலும் ரோசாப் பெட்டி ஏறியது. திருப்போரூரில் அந்த அரைமுக விவசாயியே தன் தங்கை கல்யாணத்துக்கு வாங்க வந்தார். "எனக்கில்ல, தட்டுக்கு" என்று முன்கூட்டியே சொன்னார். எனக்குச் சென்னையிலிருந்து பாராட்டு வந்தது; நிரந்தர உத்தரவு பின்னால் வரும் என்றார்கள். கமலாவின் அப்பா என்னைத் தெருவில் பார்த்தால் நின்று பேச ஆரம்பித்தார்.

பிறகு ஒரு நாள் விற்பனை நின்றது. கொஞ்சம் கொஞ்சமாகக் குறையவில்லை, அப்படியே நின்றது. கல்யாணங்கள் நடந்துகொண்டுதான் இருந்தன, தட்டுகளில் ரோசாப் பெட்டியும் இருந்தது, ஆனால் கடைகளில் ஒருவரும் வாங்கவில்லை. ஏன் என்று எனக்குப் புரியவில்லை.

விடை என் வீட்டுக்கே வந்தது. என் தங்கைக்கு வளைகாப்பு. வந்த வரிசையில் இரண்டு ரோசாப் பெட்டிகள். ஒன்றின் மூலையில் மஞ்சள் கையால் தொட்ட ஒரு விரல் தடம். அந்தத் தடத்தை எனக்குத் தெரியும். கேளம்பாக்கத்தில் ஒரு கல்யாணத் தட்டில் பார்த்திருக்கிறேன். திருப்போரூரில் ஒரு காதுகுத்தில் பார்த்திருக்கிறேன். வந்த தட்டை வெறுந்தட்டாகத் திருப்பி அனுப்பக் கூடாது அல்லவா? எதையாவது வைக்க வேண்டும். வீட்டில் பிரிக்காமல் அழகாக இருப்பது எது? சோப்பு. ஆக, வட்டாரத்துக்குத் தேவையான சோப்பு முழுவதும் வட்டாரத்துக்குள் வந்து சேர்ந்துவிட்டது. இனி அது தட்டு தட்டாகச் சுற்றிக்கொண்டிருக்கும். ஒருவரும் குளிக்காத வரை புதிதாக ஒன்றும் வேண்டியதில்லை.

காதர் பாயிடம் சொன்னபோது அவர் ஆச்சரியப்படவில்லை. "ஆமா தம்பி, சுத்திகினு கீது. பிரிச்சித் தேச்சா கரஞ்சிப் பூடுமே, அப்பால நாளைக்கித் தட்டுல இன்னாத்த வெக்கிறது?" என்றார்.

மிஸ்டர் வரதன் நேரில் வந்துவிட்டார். செங்கல்பட்டில் பஸ் ஏறி, திருப்போரூரில் மாறி, கேளம்பாக்கம் உப்பளங்களைத் தாண்டிக் கோவளம் போய்ச் சேர்ந்தோம். இறங்கியதும் பூட்ஸைக் கெண்டைக்காலில் தேய்த்துக்கொண்டு சொன்னார்: "மிஸ்டர் சிங்காரம், எனக்கு ஆர்டர் வேண்டாம். தேய்ஞ்ச சோப்பு ஒண்ணு காட்டும். இந்த ஊர்ல ஒரே ஒரு தேய்ஞ்ச சோப்பு. இருந்தா நீர் நிரந்தரம். இல்லேன்னா இந்த லைனையே மூடறதா உத்தரவு."

நான் கமலாவை நினைத்துக்கொண்டு முதல் வீட்டுப் படியேறினேன்.

பாயும் கூட வந்ததால் எல்லா வீட்டிலும் உபசாரம் நடந்தது. எல்லா வீட்டிலும் சோப்பு இருந்தது. ஒரு வீட்டில் கண்ணாடி அலமாரியில் பீங்கான் கோப்பைகளுக்கு நடுவில் மூன்று பெட்டிகள் கோபுரமாக நின்றன. இன்னொரு வீட்டில் துணிப்பெட்டிக்குள் வாசனைக்காகப் படுத்திருந்தது. ஒரு வயதான அம்மா வெள்ளிக்கிழமை தோறும் பெட்டியைத் திறந்து முகர்ந்துவிட்டு மூடிவைப்பதாகச் சொன்னார். "ஏம்மா, தேய்ச்சா இன்னும் வாசனையா இருக்குமே?" என்று மேலாளர் கெஞ்சினார். அந்த அம்மா அவரைப் பரிதாபமாகப் பார்த்து, "இவ்ளோ நல்லா பண்ணி வெச்சிருக்காங்க, அத எதுக்குப்பா அழிக்கணும்?" என்றார். மிஸ்டர் வரதன் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். ஆசையை உண்டாக்கியாகிவிட்டது, பணமும் செலவாகிவிட்டது, ஃபாக்டரி மட்டும் ஓடவில்லை. அவருடைய கணக்கில் இதற்கு இடமே இல்லை.

கடைக்குத் திரும்பினோம். "வருத்தமாத்தான் இருக்கு மிஸ்டர் சிங்காரம்" என்றார் மேலாளர். அவர் குரலில் உண்மையிலேயே வருத்தம் இருந்தது. அது எனக்கு இன்னும் பயத்தைத் தந்தது. காதர் பாய் என் முகத்தைப் பார்த்தார். கல்லாவைப் பூட்டினார். "கொஞ்சம் இரு தம்பி. ஒரு ஆளாண்ட கேட்டுட்டு வரேன். அவுங்க சரின்னாத்தான்" என்று சொல்லிவிட்டுக் கடற்கரைப் பக்கம் நடந்தார்.

திரும்பி வந்து எங்களைக் கூட்டிக்கொண்டு போன வீடு மாதா கோயிலுக்குப் பின்னால் இருந்தது. அந்தோணியம்மாள் என்று ஒரு மீன்காரி. கேளம்பாக்கம் சந்தையில் கூடை வைத்து விற்பவர். நானே பல முறை பார்த்திருக்கிறேன். கதவைச் சாத்திக்கொண்டுதான் பேசினார்.

"மாசம் ஒண்ணு பாய் கடையில வாங்கறேன். காப்பித்தூளோட வெச்சிச் சுத்திக் குடுப்பாரு, யாருக்கும் தெரியாம" என்றார்.

"ஏன் தெரியக் கூடாது? பெருமையா சொல்லலாமே" என்றார் மேலாளர்.

"தொர, நான் மீன் விக்கிறவ. மொதல் தபா ஆசையா தேச்சிக்கினு கூடையத் தூக்கிக்கினு போனேன். கூடைக்கிட்ட வந்து குனியறாங்க, மோந்து பாக்கறாங்க, போயிடறாங்க. 'இன்னா அந்தோணியம்மா, நேத்து மீனா? வாசன போட்டு மறைக்கிறியா'ன்னு கேட்டுட்டா ஒருத்தி. அன்னிக்கி மொத்தக் கூடையும் திரும்பி வந்துது. அதுலேர்ந்து வேல நாள்ல தொடறதில்ல. ஞாயித்துக்கெழம மட்டுந்தான்."

மிஸ்டர் வரதனின் வாழ்நாளில் இப்படி ஒரு புகாரை அவர் கேட்டிருக்க மாட்டார். சோப்பு வேலை செய்வதால் வந்த நஷ்டம். "அப்ப ஞாயித்துக்கிழமை மட்டும் எதுக்கு?" என்று நான் கேட்டேன்.

அந்தோணியம்மாள் குரலைத் தாழ்த்தினார். "எம் பொண்ணு செங்கல்பட்டுல ஆஸ்டல்ல தங்கிப் படிக்கிது. ஞாயித்துக்கெழம பாக்க வுடுவாங்க. ஒரு தபா போயி பெஞ்சில ஒக்காந்துகினு இருந்தேன். பக்கத்துல வேற ஒரு பொண்ணோட அம்மா. முந்தானிய எடுத்து மூக்குல வெச்சிக்கினாங்க. எம் பொண்ணு பாத்துடுச்சி. ஒண்ணியும் சொல்லல. என் கையப் புடிச்சி இழுத்து அது மடியில வெச்சிக்கிச்சி. திட்டியிருந்தாக்கூடத் தாங்கியிருப்பேன் தம்பி."

என் வேலைக்கும் என் கல்யாணத்துக்கும் சாட்சி தேடி அந்த வீட்டுக்குள் வந்ததை நினைத்து எனக்கு வெட்கமாக இருந்தது.

அந்தோணியம்மாள் உள்ளே போய் ஒரு கொட்டாங்கச்சியைக் கொண்டுவந்தார். அதற்குள் எங்கள் சோப்பு. பெயர் தேய்ந்து போய், விளிம்பெல்லாம் மெலிந்து, வெளிச்சத்தில் காட்டினால் விரல் தெரியும் அளவுக்கு இருந்தது. மிஸ்டர் வரதன் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். அவர் கண் கலங்கியதை நான் பார்த்தேன். "இதை ஹெட் ஆபீசுக்கு எடுத்துண்டு போகலாமாம்மா?" என்று கேட்டார்.

"குடுத்துடு தொர. இன்னும் ரெண்டு ஞாயிறு வரும்" என்று வாங்கி உள்ளே வைத்துவிட்டார்.

சோப்புப் போனதும் மேலாளருக்குத் தொழில் திரும்பி வந்தது. காமிராவைத் தூக்கினார். அந்தோணியம்மாள் கையில் சோப்புடன் ஒரு படம். அதை வைத்து எல்லாக் கடையிலும் விளம்பரப் பலகை. பதிலுக்கு ஒரு டஜன் பெட்டி இலவசம் என்றார். நான் குறுக்கே போய், "வேண்டாம் சார், இவங்க பொழப்பு போயிடும்" என்றேன். அவரை எதிர்த்து நான் பேசிய முதல் பேச்சு அது. பேசிவிட்டு, கமலா போய்விட்டாள் என்றே நினைத்தேன்.

அந்தோணியம்மாள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். மீன் விலை பேசிப் பழகியவர். "மூஞ்சி வாணாம். கைய மட்டும் எடுத்துக்கோ. டஜனும் வூட்ல வாணாம், வாசனையே காட்டிக் குடுத்துடும். பாய் கடையில வெச்சிடு, மாசம் ஒண்ணா வாங்கிக்கறேன்" என்றார். அப்படியே நடந்தது. கையை மட்டும் வெளிச்சத்தில் நீட்டச் சொல்லி மேலாளர் படம் எடுத்தார். நான் நிரந்தரமானேன். கல்யாணத்தில் எங்களுக்கு வந்த தட்டுகளில் பதினெட்டு ரோசாப் பெட்டிகள் இருந்தன. கமலா அத்தனையையும் பிரித்துவிட்டாள், அதனால் என் மாமியாருக்கு அவள் மேல் கோபம்.

சில மாதங்கள் கழித்து சென்னையிலிருந்து தகரப் பலகைகள் வந்தன. படத்தை ஓர் ஓவியரிடம் கொடுத்து வண்ணத்தில் வரைந்திருந்தார்கள். அவர், அந்தோணியம்மாள் கையில் மீன் அறுத்து விழுந்த கத்திக் காயங்களை அழித்து, விரல்களைக் கொஞ்சம் நீட்டி, நகத்துக்குச் சாயம் பூசி, தங்க வளையல்கள் போட்டிருந்தார். உள்ளங்கையில் ரோஜா நிறச் சோப்பு. கேளம்பாக்கம் சந்தையில் பலகையை அடிக்க இடம் பார்த்தபோது, நல்ல சுவர் ஒன்றுதான் இருந்தது. அந்தச் சுவர் நிழலில்தான் அந்தோணியம்மாள் கூடை வைத்திருந்தார். நான் சுத்தியலோடு நின்றேன். அவர் நிமிர்ந்து பலகையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அடி தம்பி, நெழல மறைக்காத" என்றார். அடித்தேன்.

கடைசி ஆணி இறங்கும்போது பட்டுப்புடவை கட்டிய ஒரு அம்மா மீன் வாங்க வந்தார். கூடையைவிடப் பலகையைத்தான் அதிகம் பார்த்தார். "கையப் பாருடி, வேலையே பாக்காத கை. குடுத்து வெச்சவ" என்றார்.

அந்தோணியம்மாளின் கை கூடைக்குள் போய் ஒரு சங்கரா மீனை எடுத்து, செவுளைப் பிரித்துச் சிவப்பைக் காட்டியது. "ஆமாம்மா, குடுத்து வெச்சவதான்" என்றார். "காலைல புடிச்சது. மோந்து பாரு."